வலி எனும் காவலன்

வாசிப்பதற்கு முன்

• வலியே இல்லாத வாழ்க்கை அமைந்தால் அது நன்மையா, தீமையா?
• காயம் பெரிதாக இருந்தால்தான் வலியும் பெரிதாக இருக்குமா?

இந்த இரண்டு கேள்விகளையும் மனத்தில் இருத்திக்கொண்டு கீழ்க்காணும் கட்டுரையை வாசியுங்கள்.

கட்டுரை

இரவில் தண்ணீர் குடிப்பதற்காக இருட்டில் எழுந்து நடக்கிறோம். கால் விரல் மேசைக்காலில் இடித்துவிடுகிறது. முதலில் ‘சுரீர்’ என்று ஒரு வலி. விரலைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, ஆழத்திலிருந்து ‘விண் விண்’ என்று இன்னொரு வலி எழுகிறது. இடித்தது ஒரு முறைதான். வலியோ இரண்டு முறை வருகிறது. இது ஏன்?

வலி எப்படி உண்டாகிறது என்ற கேள்வி மனிதனை நெடுங்காலமாகச் சிந்திக்க வைத்திருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் ரெனே டேக்கார்ட் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். அவர் மறைந்த பிறகு, 1664ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் அந்த விளக்கம் இடம்பெற்றுள்ளது. கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் மணி அடிக்கிறது. அதுபோலவே, காலில் நெருப்புப் பட்டால் நரம்பு இழுக்கப்பட்டு மூளையில் மணி அடிக்கிறது என்றார் அவர்.

கேட்பதற்கு இது சரியாகவே தோன்றுகிறது. ஆனால், இதில் பாதிதான் உண்மை. மணி உவமை முழுமையாகப் பொருந்தவேண்டுமானால், பலமாக இழுக்கும்போது மணி பலமாக அடிக்கவேண்டும். இழுக்காதபோது அமைதியாக இருக்கவேண்டும். நம் உடலில் அப்படி நடப்பதில்லை. பெருங்காயம் பட்டவர் வலி தெரியாமல் நடமாடுவதுண்டு. வெளியே காயமே தெரியாத ஒருவர் வலியால் துடிப்பதும் உண்டு. வலி வேறு, காயம் வேறு. இந்த வேறுபாட்டை அறிந்தவர் தம் உறுப்பையும் சில வேளைகளில் உயிரையும் காத்துக்கொள்ள முடியும். ஆகவே, வலியின் பயணத்தைத் தோலிலிருந்து தொடங்கி மூளைவரை பின்தொடர்ந்து பார்ப்போம்.

தோலில் நிற்கும் காவல்

நமது தோல், தசை, மூட்டு, எலும்பைப் போர்த்திய சவ்வு, உள்ளுறுப்புகள் ஆகியவற்றில் நுண்ணிய நரம்பு நுனிகள் பரவிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒரு வகை, உடலுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியவற்றை மட்டும் கவனிக்கிறது. இவ்வகை நுனிகளை வலியுணர்விகள் என்கிறோம். இங்கிலாந்து நாட்டு உடலியல் அறிஞர் சார்ல்ஸ் ஷெரிங்டன், 1906இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தைத் தெளிவாக விளக்கினார்.

வலியுணர்விகள் மூன்று வகையான ஆபத்துகளுக்கு விழித்துக்கொள்கின்றன. ஒன்று, கடும் வெப்பமும் கடும் குளிரும். இரண்டு, குத்துதல், நசுக்குதல், கிழித்தல் போன்ற விசைகள். மூன்று, அமிலம் முதலிய வேதிப்பொருள்கள். மெல்லத் தடவினால் இவை வாய் திறப்பதில்லை. தீங்கு நேரும் அளவை எட்டும்போதுதான் இவை எச்சரிக்கின்றன.

இதற்கு எளிய சான்று நம் சாப்பாட்டுத் தட்டிலேயே இருக்கிறது. நாசி லெமாக்கின் சம்பலையோ ஒரு சிலி பாடியையோ கடித்தால் நாக்கு எரிகிறது. காரம் ஒரு சுவை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் காரம் என்பது வலி. வலியுணர்விகளின் மேற்பரப்பில் டி.ஆர்.பி.வி.1 என்னும் புரதம் உள்ளது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் பட்டால் அது கதவைப் போலத் திறந்துகொள்ளும். மிளகாயில் உள்ள கேப்சைசின் என்னும் பொருள் அதே கதவைத் திறந்துவிடுகிறது. வாய் வெந்துவிடவில்லை, ஆனாலும், வெந்துபோனது போன்ற செய்தி மூளைக்குச் செல்கிறது. வியர்வை கொட்டுவதும் இதனால்தான்.

அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் இந்தப் புரதத்தைக் கண்டறிந்தனர். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், தொடுதலையும் அழுத்தத்தையும் உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பறவைகளின் உடலிலும் இத்தகைய புரதம் இருக்கிறது. ஆனால், அதைக் கேப்சைசின் தூண்டுவதில்லை. அதனால்தான் பறவைகள் மிளகாய்ப் பழங்களைச் சிரமமின்றித் தின்று விதைகளைப் பரப்புகின்றன. காரம் ஏறியதும் தண்ணீர் குடித்துப் பயனில்லை என்பதை நீங்கள் அனுபவத்தில் அறிந்திருப்பீர்கள். கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது. பாலோ தயிரோ உதவும்.

இரண்டு வேகங்கள், இரண்டு வலிகள்

தூண்டப்பட்ட வலியுணர்வியில் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அதனால் ஒரு மின்துடிப்பு உண்டாகிறது. அந்தத் துடிப்பு நரம்பிழை வழியாக முதுகுத்தண்டை நோக்கி ஓடுகிறது. பல் பிடுங்குவதற்கு முன் பல் மருத்துவர் ஈற்றில் போடும் மரத்துப்போகும் ஊசி, இந்தச் சோடியம் பாய்ச்சலைத் தற்காலிகமாகத் தடுக்கிறது. பல்லில் வேலை நடக்கிறது. செய்தி மட்டும் புறப்படுவதில்லை.

வலிச் செய்தியைச் சுமக்கும் நரம்பிழைகள் இரண்டு வகைப்படும். முதல் வகை, கொழுப்பு நிறைந்த மெல்லிய உறையால் போர்த்தப்பட்டது. இதில் துடிப்பு நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இரண்டாம் வகைக்கு அந்த உறை இல்லை. அதன் வேகம் நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரைதான். ஏறக்குறைய நாம் நடக்கும் வேகம் அது.

கால் விரலிலிருந்து முதுகுத்தண்டுவரை ஒரு மீட்டர் தூரம் என்று கொள்வோம். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்லும் செய்தி பத்தில் ஒரு நொடிக்குள் சேர்ந்துவிடும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் செல்லும் செய்திக்கு ஒரு முழு நொடி தேவை. மேசைக்காலில் இடித்தபோது இரண்டு முறை வலித்ததன் காரணம் இதுவே. முதலில் வரும் சுரீர் வலி, ‘எங்கே அடிபட்டது’ என்பதைச் சரியாகச் சுட்டிக் காட்டுகிறது. உடனே விலகச் சொல்கிறது. பின்னால் வரும் மந்தமான வலி பரவலானது. அது நெடுநேரம் நீடித்து, ‘இந்தக் காலுக்கு ஓய்வு கொடு’ என்கிறது.

தமிழில் வலியைக் குறிக்கப் பல சொற்கள் இருக்கின்றன. குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, உளைச்சல், இசிவு, நோவு என ஒவ்வொன்றும் ஒரு தனி உணர்வைக் குறிக்கிறது. மருத்துவரிடம் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்வதைவிட, ‘மூட்டில் குடைச்சல்’, ‘பாதத்தில் எரிச்சல்’, ‘வயிற்றில் விட்டுவிட்டு இசிவு’ என்று சொல்வது நோயைக் கண்டறிய உதவும். சரியான சொல்லும் மருத்துவத்திற்குத் துணை செய்கிறது.

முதுகுத்தண்டில் ஒரு வாயில்

வலிச் செய்தி முதலில் சேருமிடம் முதுகுத்தண்டினுள் இருக்கும் தண்டுவடம். சில முடிவுகள் அங்கேயே எடுக்கப்படுகின்றன. கொதிக்கும் பானையைக் கை தொட்டுவிட்டால், மூளையின் உத்தரவுக்காகத் தண்டுவடம் காத்திருப்பதில்லை. அதுவே தசைகளுக்குக் கட்டளையிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துவிடுகிறது. இதுவே அனிச்சைச் செயல். ‘சுட்டுவிட்டது’ என்று நாம் உணர்வதற்கு முன்பே கை விலகியிருக்கும்.

அதே வேளையில், செய்தி அடுத்த நரம்பணுவுக்குக் கைமாற்றப்படுகிறது. குளுட்டமேட் போன்ற வேதிப்பொருள்கள் இந்தக் கைமாற்றத்தைச் செய்கின்றன. பிறகு, செய்தி தண்டுவடத்தின் எதிர்ப்பக்கத்திற்குக் கடந்து மேலே ஏறுகிறது. இடக்காலின் வலியை மூளையின் வலப்பகுதி முதன்மையாக அறிவது இதனால்தான்.

அடிபட்ட இடத்தை நாம் உடனே தேய்த்துவிடுகிறோம். விழுந்து அழும் குழந்தையின் முழங்காலை அம்மா தடவிக்கொடுக்கிறார். இதனால் வலி குறைவது வெறும் ஆறுதலால் மட்டுமன்று. கனடா நாட்டு உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக்கும் இங்கிலாந்து நாட்டு நரம்பியலாளர் பேட்ரிக் வாலும் 1965இல் ‘வாயில் கோட்பாடு’ என்ற கருத்தை வெளியிட்டனர். தண்டுவடத்தில் வாயில் போன்ற ஓர் அமைப்பு இருக்கிறது; அது வலிச் செய்தியை எல்லா நேரமும் ஒரே அளவில் மேலே அனுப்புவதில்லை என்று அவர்கள் கூறினர். தொடுதலைச் சுமக்கும் தடித்த இழைகளில் செய்தி நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வேகத்தில் செல்கிறது. தேய்க்கும்போது எழும் இந்தச் செய்தி, வாயிலை ஓரளவு மூடி, வலிச் செய்தியைக் குறைக்கிறது. அக்கோட்பாட்டின் நுணுக்கங்கள் சில பின்னர் திருத்தப்பட்டன. எனினும், வலி வழியிலேயே கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்ற மையக் கருத்து நிலைத்துவிட்டது.

தண்டுவடம் சில நேரங்களில் நம்மைத் திசைதிருப்பியும் விடுகிறது. இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் இடக்கையிலிருந்து வரும் சில நரம்புகளும் தண்டுவடத்தின் ஒரே பகுதியில் வந்து சேர்கின்றன. ஆகவே, மாரடைப்பின்போது இடக்கை, தோள், தாடை ஆகிய இடங்களில் வலி தெரியலாம். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு நெஞ்சில் அழுத்தத்தோடு கையிலோ தாடையிலோ வலி பரவினால், ‘வாயுத் தொல்லை’ என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 999ஐ அழைக்கவேண்டும்.

மூளையின் தீர்ப்பு

மேலே ஏறிய செய்தி மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்னும் பகுதியை அடைகிறது. அங்கிருந்து பல இடங்களுக்குப் பிரிந்து செல்கிறது. வலி எங்கே, எவ்வளவு என்பதை ஒரு பகுதி கணிக்கிறது. அது எவ்வளவு வேதனை தருகிறது என்பதை இன்னொரு பகுதி முடிவு செய்கிறது. இதற்கு முன் இப்படி நேர்ந்ததா, இப்போது அஞ்சவேண்டுமா என்பதை வேறு பகுதிகள் எடைபோடுகின்றன. வலிக்கென்று மூளையில் ஒரே ஒரு மையம் இல்லை. பல பகுதிகள் கூடி எடுக்கும் முடிவுதான் வலி. வியப்பு என்னவென்றால், வலியை உணர்த்தும் மூளைத் திசுவில் வலியுணர்விகளே இல்லை. அதனால், சில மூளை அறுவைச் சிகிச்சைகளை நோயாளி விழித்திருக்கும்போதே செய்ய முடிகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் இத்தாலியில் போர்முனையில் பணியாற்றினார். கடுமையாகக் காயமுற்ற வீரர்களிடம், ‘வலியைத் தணிக்க மருந்து வேண்டுமா?’ என்று கேட்டபோது, ஏறத்தாழ நால்வரில் ஒருவரே வேண்டும் என்றார். இதனை 1946இல் அவர் கட்டுரையாக வெளியிட்டார். அந்த வீரர்களுக்குக் காயம் என்பது போர்க்களத்தைவிட்டு உயிருடன் வெளியேறுவதற்கான வழி. காயத்தின் அளவு மட்டுமன்றி, அந்தக் காயத்துக்கு மனிதன் தரும் பொருளும் வலியை நிர்ணயிக்கிறது என்று பீச்சர் கருதினார்.

இதற்கு உதவும் வேதிப்பொருள்கள் நம் உடலிலேயே இருக்கின்றன. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் ஆகிய இருவரும் மூளையில் என்கெபலின் என்னும் பொருளைக் கண்டறிந்தனர். அது மார்ஃபின் மருந்தைப் போலவே வலியைத் தணிக்கிறது. ஆபத்தின்போது மூளை இத்தகைய பொருள்களைச் சுரந்து, தண்டுவடத்தின் வாயிலை மேலிருந்து மூடுகிறது. காற்பந்துத் திடலில் கணுக்கால் பிசகிய விளையாட்டாளர், ஆட்டம் முடிந்த பிறகே நொண்டத் தொடங்குவதை நாம் பார்த்திருக்கிறோம்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. விபத்தில் கையை இழந்த சிலர், இல்லாத அந்தக் கையில் வலிக்கிறது என்பார்கள். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் இவர்களுக்காக ஓர் எளிய கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். பெட்டியினுள் இருக்கும் கையின் பிம்பம், இழந்த கை இருக்கவேண்டிய இடத்தில் தெரியும். இறுக மூடிக்கொண்டிருப்பதாகத் தோன்றிய அந்த இல்லாத கை, பிம்பத்தில் விரிவதைக் கண்டதும் சிலருக்கு வலி தணிந்தது.

வலியை மூளை உருவாக்குகிறது என்றால் அது பொய் என்று பொருளாகாது. பார்வையையும் மூளைதான் உருவாக்குகிறது. அதற்காக நாம் காண்பவற்றைப் பொய் என்பதில்லையே! ஒருவரின் வலியை வெளியிலிருந்து அளந்து காட்டும் கருவி ஏதும் இல்லை. அவர் சொல்வதே முதன்மைச் சான்று. மாதவிடாய்க் காலத்தில் ஒரு மாணவி வயிற்று வலியால் சுருண்டு படுத்தால், ‘நடிக்கிறாள்’ என்று சொல்வது அறியாமை. அந்நாள்களில் கருப்பையில் சுரக்கும் புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருள் தசைகளை இறுக்குகிறது. வலி நரம்புகளையும் கூர்மையாக்குகிறது. காயம் பட்ட இடம் வீங்கித் தொட்டாலே வலிப்பதற்கும் இதே பொருள் ஒரு காரணம். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் இப்பொருள் உண்டாவதைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன. இதை 1971இல் விளக்கிய ஜான் வேன், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காவலன் உறங்கினால்

வலியே இல்லாவிட்டால் நல்லதல்லவா என்று தோன்றலாம். அப்படிப் பிறந்தவர்கள் மிகச் சிலர் உண்டு. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பாகிஸ்தானின் வடபகுதியைச் சேர்ந்த மூன்று குடும்பங்களில் இத்தகைய ஆறு பேரைப் பற்றிக் கூறுகிறது. அவர்களின் நரம்பில் சோடியம் நுழையும் ஒரு வழி பிறப்பிலிருந்தே செயல்படவில்லை. அதனால், வலிச் செய்தி புறப்படவே இல்லை. குழந்தைப் பருவத்தில் அவர்கள் தங்கள் உதட்டையும் நாக்கையும் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டார்கள். எலும்பு முறிந்ததுகூடப் பிறகுதான் தெரியவந்தது. ஆய்வாளர்கள் முதலில் கேள்விப்பட்ட சிறுவன், தெருவில் கத்தியைக் கையில் குத்திக்காட்டியும் தீக்கங்குகளின் மீது நடந்தும் வித்தை காட்டியவன். 14 வயது நிறைவதற்கு முன்பே, வீட்டுக் கூரையிலிருந்து குதித்து அவன் இறந்துபோனான்.

வலியின் மதிப்பை மருத்துவ உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்ந்துவிடும் என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். ஒரு நாள், துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறினார். தொழுநோயாளியான ஒரு சிறுவன் முன்வந்து சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். அவனுக்கு இவ்வளவு வலிமையா என்று வியந்து கையைப் பார்த்தால், விரலின் சதை எலும்பு தெரியும்படி கிழிந்திருந்தது. அவனோ எதையும் உணரவில்லை.

விரல்களை அழிப்பது நோயன்று, வலியின்மையே என்பதைப் பிராண்ட் இத்தகைய நிகழ்ச்சிகளிலிருந்து உணர்ந்தார். தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. அதன்பின், சூடான பாத்திரமும் காலணிக்குள் கிடக்கும் ஆணியும் நாள்தோறும் செய்யும் சிறு காயங்கள் சேர்ந்து உறுப்பைச் சிதைக்கின்றன. காயங்களைக் கவனித்துக் காத்தபோது விரல்கள் நிலைத்தன. நம் நாட்டில் 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளிகளுக்கென்று தனிக் குடியிருப்பு அமைக்கப்பட்டது. நோயைக் குணப்படுத்தும் கூட்டு மருந்து முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தது. இன்று தொழுநோய் முழுமையாகக் குணமாகக்கூடிய நோய்.

ஆனால், அதே ஆபத்து இன்று வேறொரு வடிவில் நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. அதுதான் நீரிழிவு நோய். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இது மேலும் அதிகம். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. மிக நீளமான நரம்புகளே பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுகின்றன. ஆகவே, ஆபத்து பாதத்தில் தொடங்குகிறது. முதலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வோ எரிச்சலோ தோன்றலாம். பிறகு பாதம் மரத்துப்போகிறது.

நண்பகலில் கோயில் வளாகத்தின் சுடுதரையில் வெறுங்காலோடு நடக்கும் பாட்டிக்குச் சூடு தெரிவதில்லை. ‘எனக்கு ஒன்றும் சுடவில்லையே’ என்று அவர் பெருமையாகவும் சொல்லலாம். வீட்டுக்கு வந்த பிறகு பாதத்தில் கொப்புளம் இருக்கிறது. வலியில்லாததால் யாரும் கவனிப்பதில்லை. கொப்புளம் புண்ணாகிறது. இரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் புண் ஆறுவதில்லை. கடைசியில் காலையே எடுக்கவேண்டிய நிலை வரலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில வேளைகளில் மாரடைப்பும் வலியில்லாமலே வருவதுண்டு.

காவலன் உறங்கும் வீட்டில் வீட்டார்தாம் காவல் இருக்கவேண்டும். நீரிழிவு உள்ளவரின் பாதங்களை நாள்தோறும் பார்க்கவேண்டும். உள்ளங்கால், விரல் இடுக்கு ஆகியவற்றை மறந்துவிடக்கூடாது. குனிய முடியாத பெரியவர்களுக்கு நாம் பார்த்துச் சொல்லலாம். காலணி அணியும் முன் உள்ளே கல்லோ ஆணியோ கிடக்கிறதா என்று தடவிப் பார்க்கவேண்டும். வெந்நீரின் சூட்டைப் பாதத்தால் சோதிக்கக் கூடாது. மருத்துவ நிலையத்தில் ஒரு மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் மெதுவாக அழுத்தி, ‘தொடுவது தெரிகிறதா?’ என்று கேட்பார்கள். அது வலியற்ற எளிய சோதனை. அதை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்துகொள்வது நல்லது.

வலி நம் பகைவன் அன்று. அது சொல்லும் செய்தியைக் கேட்கவேண்டும். செய்தி தேவைக்குமேல் நீடித்தால் மருத்துவரை நாடவேண்டும். அதோடு, வலியில்லை என்பதாலேயே காயமில்லை என்று நம்பிவிடக் கூடாது. இன்று வீட்டிற்குச் சென்றதும் தாத்தா, பாட்டியின் பாதங்களைப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியாத ஒரு காயம் உங்கள் கண்ணுக்குத் தெரியக்கூடும்.

சொற்பொருள்

சவ்வு – மெல்லிய தோல் போன்ற படலம்
தூண்டுதல் – செயல்படச் செய்தல்
தண்டுவடம் – முதுகெலும்புக்குள் செல்லும் நரம்புத் தொகுதி
அனிச்சைச் செயல் – எண்ணிப் பாராமல் உடல் தானே செய்யும் செயல்
இசிவு – தசை இறுகுவதால் உண்டாகும் வலி
பிம்பம் – கண்ணாடியில் தெரியும் உருவம்
மரத்துப்போதல் – உணர்ச்சி இழத்தல்
தீக்கங்கு – எரியும் கரித்துண்டு

கருத்துணர் வினாக்கள்

1. டேக்கார்ட் கூறிய மணி உவமை எவ்வாறு குறைபாடு உடையது? கட்டுரையிலிருந்து இரண்டு சான்றுகள் தருக.
2. ஒரு முறை இடித்தாலும் வலி இரண்டு முறை தோன்றுவது ஏன்?
3. ‘காரம் என்பது வலி’ என்ற கூற்றை விளக்குக.
4. அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் வலி குறைவதற்கான காரணத்தை உம் சொந்த வாக்கியத்தில் எழுதுக.
5. ‘விரல்களை அழிப்பது நோயன்று, வலியின்மையே.’ இம்முடிவுக்குப் பால் பிராண்ட் எவ்வாறு வந்தார்?
6. ‘காவலன் உறங்கும் வீட்டில் வீட்டார்தாம் காவல் இருக்கவேண்டும்.’ இவ்வரியில் ‘காவலன்’ என்பது எதைக் குறிக்கிறது? இக்கருத்தை நீர் ஏற்கிறீரா? காரணம் கூறுக.

மொழிச் செயல்பாடு

அ. குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, உளைச்சல் ஆகிய சொற்களின் பொருள் வேறுபாடு விளங்கும்படி வாக்கியம் அமைத்திடுக.

ஆ. நீரிழிவு நோய் உள்ள உறவினர் ஒருவருக்குப் பாதப் பாதுகாப்பின் தேவையை வலியுறுத்தி, 120 சொற்களில் ஓர் உறவுக் கடிதம் எழுதுக. அவரை அச்சுறுத்தாமல், அன்போடு எடுத்துக்கூறும் வகையில் கடிதம் அமையவேண்டும்.